கடலூர்க்காரர்களுக்கு: அது புயல் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள்

லீவுக்குக் கடலூர் வந்தால் மஞ்சக்குப்பத்தில் யாராவது ஒருவர் பிடித்துக்கொள்கிறார். "பையனுக்கு ஆஸ்திரேலியாவுக்கு 491 விசா வந்துடுச்சுப்பா, விக்டோரியா மாநிலத்துல ஏதோ சின்ன ஊராம், குளிருக்கு என்னென்ன வாங்கணும்?" ஸ்வெட்டர் அங்கேயே கிடைக்கும், விடுங்கள். நான் சொல்ல வந்தது நெருப்பைப் பற்றி. 491 என்பது பெருநகரத்துக்கு வெளியே குடியிருந்து வேலை பார்க்கத் தருகிற விசா, அதில் மாநிலத் தலைநகரான மெல்பர்னுக்குள் குடியிருக்க முடியாது, அதனால் வேலை கிடைக்கிற ஊர் காய்ந்த புல்வெளிக்கோ தைலமரக் காட்டுக்கோ பக்கத்தில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அங்கே நமக்கு மார்கழி, தை வரும்போதுதான் கோடை.

நம் ஊர்க்காரர்களுக்குப் புயல் பழக்கம். துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், ஒன்றிரண்டு நாள் அவகாசம் இருக்கும், மெழுகுவர்த்தியும் பிரெட்டும் வாங்கி வைத்துக் கதவைச் சாத்தினால் விடிகிறபோது போயிருக்கும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தோம். முந்திரி, பலா எல்லாம் போச்சு, நாங்கள் உள்ளே பத்திரம். இந்தப் புத்தியை விமானம் ஏறும்போதே இங்கே விட்டுவிடுங்கள்.

சித்திரை வெயிலில் ஒரு கீற்றுக் கொட்டகை பற்றினால் கங்கு பறந்து நாலு வீடு தள்ளி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் அங்கேயும், ஆனால் தைலமரப் பட்டை எரிந்துகொண்டே கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். தீ எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே உங்கள் வீட்டு மழைநீர்த் தகரத்தில் கிடக்கிற சருகு பற்றிக்கொள்ளும் (வாடகை வீடு என்றால் டிசம்பருக்கு முன்பே அதைச் சுத்தம் செய்யச் சொல்லி ஓனரை நச்சரியுங்கள்). புல்லில் பிடித்த தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். மேட்டில் ஏறும்போது இன்னும் வேகம். சுடர் தொட வேண்டும் என்றுகூட இல்லை, அதன் அனலே ஆளைக் கொன்றுவிடும்.

காற்று திரும்புகிற நேரம் இன்னும் மோசம். பகலெல்லாம் வடக்கிலிருந்து அனல்காற்று அடிக்கும், தீ நீளமாக ஒரு கோடு போலப் போகும். அப்புறம் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வந்ததும் அந்தக் கோட்டின் நீளப் பக்கம் முழுவதும் தீயின் முகமாகத் திரும்பிவிடும். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேர் இறந்தார்கள், அன்றும் சாயங்காலம் காற்று இப்படித் திரும்பியது. உடம்புக்குக் குளுகுளு என்று இருக்கும், நிம்மதியாகிவிடாதீர்கள்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். விக்டோரியாவுக்குப் போய் எங்களுக்கு இரண்டாவது கோடை. நல்ல வெயிலாச்சே என்று என் மனைவி கொல்லையில் வேட்டி விரித்து வடாம் பிழிந்திருந்தாள். மூன்று மணிக்கு எடுக்கப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். வடாம் நடுவில் ஒரு தைலமர இலை, முழுக்கக் கரி, நரம்பு நரம்பாக அப்படியே தெரிகிறது, தொட்டதும் தூளாகிவிட்டது. சுற்றிலும் அதுபோல ஏழெட்டு. புகைகூடக் கண்ணில் படவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டால், "கதவைச் சாத்திட்டு உள்ளயே இருங்கப்பா" என்கிறாள், கடலூர் அம்மா வேறென்ன சொல்வாள்! பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் காரைக் கிளப்பிக்கொண்டே, "இன்னும் இங்கே என்ன பண்றீங்க?" என்று கத்தினார். பாஸ்போர்ட்டைத் தேடவே நாற்பது நிமிஷம். ரோட்டுக்கு வந்தபோது பட்டப்பகலில் எல்லாக் காரிலும் ஹெட்லைட். அன்று காற்று வேறு பக்கம் போனது, தப்பித்தோம், அவ்வளவுதான்.

அதனால் வீட்டில் இப்போதே ஒன்றைப் பேசி வையுங்கள்: எதைப் பார்த்தால் கிளம்புவோம்? தினமும் தீ அபாய அளவு அறிவிப்பார்கள், மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக் என்று நான்கு. கடைசி அளவு என்றால் நம் பத்தாம் நம்பர் கூண்டு மாதிரி; எங்கும் தீ இல்லாவிட்டாலும் முந்தின நாள் ராத்திரியோ விடியற்காலையோ காட்டு ஓரத்திலிருந்து நகரத்துக்குப் போய்விடுங்கள். தீ பிடித்த பிறகு வருகிற எச்சரிக்கை மூன்று வகை. மஞ்சள் அட்வைஸ், ஆரஞ்சு வாட்ச் அண்ட் ஆக்ட், சிவப்பு எமர்ஜென்சி வார்னிங். ஆரஞ்சிலேயே கிளம்பி இருக்க வேண்டும். சிவப்பு வரும்போது ரோடு அடைத்திருக்கலாம். இந்த எச்சரிக்கைகளைத் தருகிற மாநில அரசின் விக்எமர்ஜென்சி ஆப்பைப் போன முதல் வாரமே போனில் போடுங்கள், ஆனால் அதையே நம்பாதீர்கள். கரண்ட் போனால் டவரும் போகும், தண்ணீர் மோட்டாரும் நிற்கும். பேட்டரி ரேடியோவில் ஏபிசி (அந்த நாட்டின் பொது வானொலி) உள்ளூர் அலைவரிசை வையுங்கள்.

தீயைப் பார்த்தால் அவசர எண் 000-க்கு அடியுங்கள். "ஃபயர்" என்று முதலில் சொல்லிவிட்டு "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவார்கள். வெறும் விவரம் கேட்க மொழிபெயர்ப்புச் சேவையான 131 450-க்கு அடித்து, விக்எமர்ஜென்சி ஹாட்லைனோடு தமிழில் பேச இணைத்துத் தரச் சொல்லலாம். வீட்டுக்கு வீடு தீயணைப்பு வண்டி வரும் என்று நினைக்காதீர்கள். சிஎஃப்ஏ என்கிற கிராமப்புறத் தீயணைப்புப் படை பெரும்பாலும் உங்கள் ஊர் பால்பண்ணைக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் சம்பளமில்லாமல் செய்கிற வேலை. போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள், எந்த ரோடு ஆபத்து, கடைசிப் புகலிடம் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு பையில் பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், தண்ணீர், ஆளுக்கொரு கம்பளிப் போர்வை. உடம்பில் முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் ஷூ. நைலான் புடவை, பாலியஸ்டர் நைட்டி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தப்பவே முடியாமல் காரில் மாட்டினால் மரமில்லாத வெட்டவெளியில் நிறுத்தி, ஜன்னலை ஏற்றி, லைட்டைப் போட்டு, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளியால் மூடிக்கொள்ளுங்கள். இது கடைசி வழி.

அப்புறம் போகி. ஜனவரி நடுவில் பழைய பாயைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினால் கேஸ் ஆகிவிடும், அது தீக்காலம். தீ மூட்டவே கூடாது என்று அறிவிக்கிற முழுத் தடை நாளில் வெளியே விறகடுப்பில் பொங்கல் வைப்பதும் கூடாது. நாங்கள் ஒரு வருஷம் உள்ளே கேஸ் அடுப்பில் வைத்தோம், நன்றாகவே பொங்கியது, ஓனருடைய ஸ்டவ்வைச் சுரண்டத்தான் ரெண்டு நாள் ஆனது.