ஆணைப் பார்க்காத பெண்ணும் முட்டையிடும்: பச்சோந்தி வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பெங்களூரின் மர்பி டவுனிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். தம்முடைய பச்சோந்தி மூன்று நாட்களாக இரை எடுக்காமல் கூண்டின் அடித்தளத்திலேயே அலைந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். மணல் தொட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "எதுக்கு அக்கா? என்கிட்ட ஆணே இல்லையே" என்றார். பல ஆண்டுகளுக்கு முன், அல்சூரில் முதல் பச்சோந்தியை வளர்த்தபோது, நான் மருத்துவரிடம் சொன்னதும் இதையேதான்.

கிண்ணத்து நீரைப் பச்சோந்தி பொதுவாகக் குடிக்காது, புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கு இல்லாமல் அதன் எலும்பு உறுதிப்படாது, இரண்டை ஒரே கூண்டில் வைக்கக் கூடாது என்பவற்றை இன்று வாங்குகிறவர்கள் அறிந்தே வருகிறார்கள். ஆகவே பெண் பச்சோந்தியையும் அதன் முட்டைகளையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் சொல்வது யேமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட, தலையில் உயர்ந்த கொண்டை உடைய வெய்ல்டு இனத்தைப் பற்றி.

இணை இல்லையென்றால் முட்டையும் இல்லை என்று நம்புவது

கோழி சேவலின்றி முட்டையிடுவதை நாம் வியப்பதில்லை. பச்சோந்தி அவ்வாறு செய்யும் என்று மட்டும் ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை. இந்த இனத்துப் பெண் ஐந்தாறு மாத வயதிலேயே பருவமடையக்கூடும். ஆணைக் கண்ணால் பாராமலே ஒரே ஈட்டில் 20 முதல் 80 முட்டைகள் வரை சுமக்கும். சுமந்த முட்டைகளை ஈரமான ஆழ்ந்த மண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டும் என்பது அதன் இயல்பு; தகுந்த இடம் கிடைக்காவிட்டால் முட்டைகளை வயிற்றிலேயே அடக்கிக்கொள்ளும். முட்டைத் தோலுக்கும், முட்டையை வெளியே தள்ளும் தசைகளுக்கும் கால்சியம் தேவைப்படுவதால், அது நாளுக்கு நாள் தன் எலும்பிலிருந்தே அதைச் செலவிட்டு வலுவிழக்கிறது. பிறகு நல்ல இடம் கிடைத்தாலும் தள்ளுவதற்கு அதனிடம் பலம் இருப்பதில்லை.

என்னுடைய முதல் பச்சோந்தியை ஆண் என்று சொல்லித்தான் விற்றார்கள். இந்த இனத்து ஆணுக்குக் குஞ்சுப் பருவத்திலேயே பின்னங்காலின் குதிகாலில் ஒரு சிறு முள் இருக்கும் என்பதை நான் அறிந்திருந்தால், கையில் வாங்கிய நிமிடமே உண்மை தெரிந்திருக்கும். அவள் செடித்தொட்டியின் மண்ணைச் சுரண்டியபோது, வழி தவறி இறங்கிவிட்டாள் என்று எண்ணி, மூன்று முறை தூக்கிக் கிளையில் விட்டேன். நான்காம் நாள் பட்டப்பகலில் கண்களை மூடிக்கொண்டு தரையில் கிடந்தாள். எக்ஸ்ரேயில் வயிறு முழுவதும் முட்டைகள் தெரிந்தன. மருத்துவர் கால்சியம் ஊசியும் பிறகு முட்டையை வெளியே தள்ளத் தூண்டும் ஆக்சிடோசினும் போட்டுப் பார்த்தார். அறுவைச் சிகிச்சைக்கு ஆயத்தம் செய்யும் முன்பே அவள் இறந்துவிட்டாள். ஒரு வாளி மணல் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய உயிர் அது என்பதால், "ஆணே இல்லையே" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆகவே பெண்ணுக்கு நான்கு மாதம் ஆனதும் மணல் தொட்டியைக் கூண்டினுள் வைத்துவிடுங்கள். அறிகுறி தெரிந்த பின் தேடி அலையாதீர்கள். நன்கு கழுவிய 20 லிட்டர் பெயின்ட் வாளி போதும். பக்கங்கள் ஒளி ஊடுருவாதவையாக இருக்க வேண்டும். கழுவிய மெல்லிய மணலை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பி, விரலால் துளைத்தால் துளை சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்துங்கள். பெங்களூரில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் எளிதாகக் கிடைப்பது எம்-சாண்ட். அது பாறையை உடைத்துச் செய்த கூர்மையான துகள் என்பதால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

தோண்டும்போது எட்டிப் பார்ப்பது

மணல் வைத்தவர்களும் தவறுவது இங்கேதான். தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று உணர்ந்தால் அது பாதிச் சுரங்கத்தைக் கைவிட்டு வெளியேறிவிடும். சிலவேளை மீண்டும் தோண்டவே தோண்டாது. தோண்டத் தொடங்கியதும் கூண்டைப் போர்வையால் மூடி, வீட்டுக் குழந்தைகளை அப்பக்கம் விடாமல், ஓரிரு நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். சுறுசுறுப்பாக அலைவதும் தோண்டுவதும் நல்ல அறிகுறிகள். பகலில் கண்மூடிக் கிடப்பது, கண்கள் உள்வாங்குவது, பிடி தளர்ந்து கிளையிலிருந்து விழுவது, முட்டைகளை ஒன்றிரண்டாகத் தரையில் சிதறிவிடுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுவது

வேண்டவே வேண்டாம், உள்ளே முட்டை உடைந்தால் உயிர் போகும்.

அன்பினால் அதிகம் ஊட்டுவது

தீனியும் வெப்பமும் மிகுந்தால் முட்டைகளின் எண்ணிக்கையும் மிகும். 80 முட்டை ஈன்றதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், அந்த உடல் எதை இழந்து அவற்றை ஈன்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வளர்ந்த பெண்ணுக்கு நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று நான்கு சிள்வண்டுகளைக் கால்சியம் தூளில் புரட்டிக் கொடுக்கிறேன். வெயில் காயும் கிளையில் வெப்பத்தை 28 டிகிரிக்கு மேல் விடுவதில்லை.

ஒரு வயதுக்கு முன் இணை சேர்ப்பது

கூடாது. பெண் உடல் கறுத்து, வாய் பிளந்து, அசைந்தாடி மறுத்தால் உடனே பிரித்துவிடுங்கள். ஒருமுறை இணைந்த பெண் விந்தைச் சேமித்து வைத்து அடுத்த ஈட்டையும் கருவுறச் செய்யக்கூடும் என்பதால், மீண்டும் மீண்டும் ஆணிடம் விட வேண்டிய தேவையும் இல்லை.

முட்டைகளைக் கோழி இன்குபேட்டரில் வைப்பது

கோழி முட்டைக்கு உரிய 37.5 டிகிரியில் பச்சோந்திக் கரு பிழைக்காது. இதற்கு 26 முதல் 28 டிகிரி போதும். ஆனால் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமான வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகளில், எடுத்த நிலை மாறாமல், புரட்டாமல் வையுங்கள். பெங்களூரின் டிசம்பர் இரவுக் குளிரைவிட, தகரக் கூரை வீட்டின் ஏப்ரல் மாதப் பிற்பகலுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு இனங்களையும் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்; பொரியும் குஞ்சுகளுக்கும் இது பொருந்தும்.

முட்டையிட்ட கையோடு மணலைக் கிளறுவது

மர்பி டவுன் இளைஞர் அன்று மாலையே வாளியை வைத்துக் கூண்டைப் போர்வையால் மூடினார். இரண்டாம் நாள் காலையில் மணல் சமமாக மிதித்து மூடப்பட்டிருந்தது; விலா ஒட்டிய அவள் கிளையில் இருந்தாள். அவருக்கோ முட்டைகளை எண்ணும் ஆவல். கருவுறாத முட்டைகள் எங்கும் போய்விடா, முதலில் தாய்க்கு நீர் தெளியுங்கள் என்றேன். நாவறண்டிருந்தவள் நெடுநேரம் குடித்தாள். அடுத்த சில நாட்களுக்குத் தினமும் கால்சியம் தூவிய இரை கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று நான்கு மாதங்களில் அடுத்த ஈடு வரக்கூடும் என்பதால், முட்டைகளை அகற்றிய பின் புது மணல் நிரப்பிய வாளி கூண்டிலேயே இருக்கிறது.