அமெரிக்காவில் பட்டமளிப்பு விழா: கவுன், தொப்பி, ஹூட் ஆர்டர் செய்வது எப்படி?

மே மாதம் மாஸ்டர்ஸ் முடிக்கப் போகிறீர்களா? கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட், வேலை தேடல், அப்பா அம்மாவுக்கு விசா என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, கவுன் ஆர்டர் செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மில் நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறோம். ஊரில் விழா அன்று காலையில் போய், வரிசையில் நின்று கவுனை வாங்கி மாட்டிக்கொண்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுத்து வந்த பழக்கம் நமக்கு. இங்கே பெரும்பாலும் பல வாரங்களுக்கு முன்பே ஆர்டர் செய்துவிட வேண்டும்.

நான் மாஸ்டர்ஸ் முடித்து சில வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஜூனியர்கள் இதே கேள்விகளோடு போன் செய்வார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், எது என்ன?

கவுன் உங்களுக்குத் தெரியும். ஆனால் எல்லாப் பட்டத்துக்கும் ஒரே கவுன் இல்லை. இளநிலைக் கவுனின் கை கூராக முடியும். முனைவர் பட்டக் கவுனின் கை மணி மாதிரி விரிந்து, மேலே மூன்று வெல்வெட் பட்டைகளோடு இருக்கும். நமக்கு வருவது மாஸ்டர்ஸ் கவுன். அதன் கையை முதல்முறை பார்க்கும்போது தைத்தவர் தவறு செய்துவிட்டாரோ என்று தோன்றும். உங்கள் கை மணிக்கட்டுப் பக்கம் உள்ள திறப்பு வழியாக வெளியே வரும். அதற்குக் கீழே அடி மூடிய நீளமான துணி ஒன்று பை போலத் தொங்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். கையை அந்தப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வர வழி தேடாதீர்கள்!

தொப்பி என்பது மேலே சதுரப் பலகை வைத்த கறுப்புத் தொப்பி. அதன் நடுவிலிருந்து தொங்குவது குஞ்சம்.

ஹூட் என்பதுதான் புதிது. பெயர் தலைமூடி என்றாலும் யாரும் தலையில் போடுவதில்லை. கழுத்தில் மாட்டி முதுகுப்பக்கம் தொங்கவிடும் துணி அது. ஐரோப்பாவில் இடைக்காலத்துப் பல்கலைக்கழகங்களில், சூடேற்ற வசதியில்லாத கட்டடங்களில் உட்கார்ந்து படித்தவர்களுக்குக் குளிருக்கு அடக்கமாக இருந்த உடை, காலப்போக்கில் இப்படிச் சடங்குத் துணியாகிவிட்டது. அமெரிக்காவில் இளநிலை மாணவர்கள் இதை அணிவது அரிது. மாஸ்டர்ஸ், முனைவர் பட்டம் பெறுபவர்களுக்குத்தான் இது முக்கியம்.

ஹூடின் நிறம் ஏன் இவ்வளவு முக்கியம்?

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரைச் சேர்ந்த கார்ட்னர் காட்ரெல் லெனார்ட் என்பவர் 1887இல் வில்லியம்ஸ் கல்லூரியில் தன் வகுப்புக்கான கவுன்களை வடிவமைத்தார். அந்த ஆர்வம் அவரை விடவில்லை. 1895இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூடிப் பட்டமளிப்பு உடைக்குப் பொது விதிகள் வகுத்தபோது அவருடைய பங்கும் அதில் இருந்தது. பிறகு அமெரிக்கக் கல்விக் கவுன்சில் அந்த விதிகளைத் தன் பொறுப்பில் எடுத்துத் திருத்தி வெளியிட்டது. ஹார்வர்ட் போலத் தனக்கென்று தனி வழக்கம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. மற்றபடி பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இந்த விதிகளை ஒட்டியே போகின்றன.

அந்த விதிப்படி ஹூடைப் பார்த்தாலே மூன்று விஷயங்கள் தெரிந்துவிடும். நீளம் உங்கள் பட்டத்தின் நிலையைச் சொல்லும்: இளநிலைக்கு 3 அடி, மாஸ்டர்ஸுக்கு மூன்றரை அடி, முனைவருக்கு 4 அடி. உள்பக்கப் பட்டுத்துணியின் நிறங்கள் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சொல்லும். விளிம்பில் ஓடும் வெல்வெட், மாஸ்டர்ஸுக்கு 3 அங்குல அகலம், நீங்கள் படித்த துறையைச் சொல்லும். பொறியியலுக்கு ஆரஞ்சு, அறிவியலுக்குப் பொன்மஞ்சள், கல்வியியலுக்கு வெளிர்நீலம், பொதுச் சுகாதாரத்துக்கு சால்மன் மீனின் இளஞ்சிவப்பு, எம்.பி.ஏ.வுக்கு மங்கின சந்தனப் பழுப்பு.

இங்கேதான் நம்மவர்கள் இடறுகிறார்கள். பட்டத்தின் பெயரில் 'மாஸ்டர் ஆஃப் சயின்ஸ்' என்று இருந்தால் அறிவியலின் பொன்மஞ்சள்தான் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிறம் படித்த பாடத்தைக் குறிக்க வேண்டும் என்பதே விதி. வேளாண்மையில் மாஸ்டர் ஆஃப் சயின்ஸ் வாங்கியவருக்கு வேளாண்மைக்குரிய சோள மஞ்சள்தான் வர வேண்டும், அறிவியலின் பொன்மஞ்சள் இல்லை என்று விதியிலேயே உதாரணம் காட்டியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற படிப்புகளில் எந்த நிறம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அதனால் உங்கள் துறை அலுவலகத்தில் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

என் அறைத்தோழி பொதுச் சுகாதாரத்தில் மாஸ்டர்ஸ் முடித்தாள். ஆர்டர் படிவத்தில் 'மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்' என்பதைத் தேடாமல், பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட 'மாஸ்டர் ஆஃப் சயின்ஸை' அழுத்திவிட்டாள். வந்த பையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தாள். விழா அன்று காலை பிரித்துப் பார்த்தால் பொன்மஞ்சள் வெல்வெட். அவள் அப்பா சேலத்திலிருந்து முதல்முறையாக விமானம் ஏறி வந்திருந்தார். என்ன பிரச்சினை என்று அவருக்குப் புரியவில்லை, மகள் அழுவது மட்டும் தெரிந்தது. நல்லவேளை, போன வருடம் முடித்த ஒரு அக்கா அதே ஊரில் வேலையில் இருந்தார். தன் ஹூடை எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் காரோட்டி வந்து கொடுத்தார். எல்லாருக்கும் அப்படி ஒரு அக்கா கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

சரி, இனி படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: மூன்று வேலைகளைத் தனித்தனியாக முடியுங்கள்

பட்டத்துக்கு விண்ணப்பிப்பது ஒன்று. விழாவில் கலந்துகொள்வதாகப் பதிவு செய்வது இன்னொன்று. கவுன் ஆர்டர் மூன்றாவது. பல இடங்களில் இந்த மூன்றுக்கும் தனித்தனி இணையப்பக்கம், தனித்தனிக் கெடு. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது. மூன்று தேதிகளையும் இன்றைக்கே போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.

படி 2: சரியான கடையை அடையுங்கள்

கூகுளில் தேடி முதலில் வரும் கடையில் வாங்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே அதிகாரபூர்வ விற்பனையாளரின் இணைப்பு இருக்கும். ஜாஸ்டன்ஸ், ஹெர்ஃப் ஜோன்ஸ், பால்ஃபர், ஓக் ஹால் போன்ற நிறுவனங்களில் ஒன்றாகவோ வளாகத்துப் புத்தகக் கடையாகவோ அது இருக்கும். அமேசானில் மலிவாகக் கிடைப்பது பொதுவான கறுப்புக் கவுன். உங்கள் பல்கலைக்கழகக் கவுனில் சின்னம் தைத்திருந்தாலோ, கறுப்பு அல்லாத நிறமாக இருந்தாலோ, வரிசையில் நீங்கள் மட்டும் தனியாகத் தெரிவீர்கள். ஹூடின் உள்துணியும் பொருந்தாது.

படி 3: அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்

உயரத்தை அடி, அங்குலத்தில் கேட்பார்கள். 160 செ.மீ. என்றால் 5 அடி 3 அங்குலம், 170 செ.மீ. என்றால் 5 அடி 7 அங்குலம். எடை பவுண்டில்: 60 கிலோ என்பது 132 பவுண்டு. கவுனின் கீழ்விளிம்பு கெண்டைக்கால் நடுவில் நிற்க வேண்டும். படிவத்தில் வேறு விதமாகச் சொல்லவில்லை என்றால், விழாவில் போடப்போகும் செருப்போடு நின்று அளந்த உயரத்தைக் கொடுங்கள். ஹீல்ஸ் போடும் தங்கைகளுக்கு இதில் இரண்டு மூன்று அங்குலம் வித்தியாசம் வரும்.

தொப்பி பெரும்பாலும் பின்பக்கம் எலாஸ்டிக் வைத்து எல்லாருக்கும் பொருந்தும் அளவில் வரும். தலைச்சுற்றளவு கேட்டால், தையல் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்துச் சுற்றி அளந்து எழுதுங்கள். டேப் இல்லையா? ஒரு நூலால் அளந்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்.

படி 4: பட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

பல்கலைக்கழகத் தளத்தில் உங்கள் மதிப்பெண் பதிவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பட்டத்தின் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே படிவத்தில் தேடுங்கள். நிலை, கல்லூரி, பட்டம் மூன்றும் பொருந்த வேண்டும். தேர்ந்தெடுத்ததும் ஹூடின் படமோ நிறத்தின் பெயரோ திரையில் வந்தால், துறை அலுவலகம் சொன்ன நிறத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்த பக்கத்துக்குப் போவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்வது நல்லது. தப்பாக வந்தால் பேசுவதற்கு அதுதான் ஆதாரம்.

படி 5: வாங்குவதா, வாடகையா?

இரண்டு வழியும் தரும் இடங்களில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். விழா முடிந்த மறுநாளே வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்றால், வாடகைக் கவுனைத் திருப்பிக் கொடுக்க அலைய முடியுமா என்று யோசியுங்கள். என் கருத்து: கவுன் வாடகைக்கோ இரவலோ போதும், ஹூடைச் சொந்தமாக வாங்குங்கள். உங்கள் பட்டம் அதில்தான் இருக்கிறது. சீனியர்களின் கவுனைக் கேட்டு வாங்கலாம். சில வளாகங்களில் இலவசமாக இரவல் தரும் அலமாரியே வைத்திருக்கிறார்கள். இரவல் வாங்கும்போது அதே பல்கலைக்கழகம், அதே மாஸ்டர்ஸ் கவுன்தானா என்று கையின் வடிவத்தைப் பார்த்துவிடுங்கள்.

மோதிரம், சான்றிதழ் சட்டகம், அறிவிப்பு அட்டை என்று வழியில் நிறைய காட்டுவார்கள். எதுவும் விழாவுக்குக் கட்டாயம் இல்லை. தோளில் போடும் பட்டைகளும் கழுத்துக் கயிறுகளும் தனிச் சிறப்புக்கோ மாணவர் சங்கத்துக்கோ உரியவை. உங்களுக்கு உரியது என்றால் அந்தத் துறையோ சங்கமோ சொல்லும்.

படி 6: எங்கே பெற்றுக்கொள்வது?

வளாகத்தில் நேரில் வாங்கும் வாய்ப்பு இருந்தால் அதையே எடுங்கள். குறை இருந்தால் அங்கேயே கேட்கலாம். வீட்டுக்கு வரவழைத்தால், அந்தத் தேதியில் எந்த வீட்டில் இருப்பீர்கள் என்று பார்த்து முகவரி கொடுங்கள். லீஸ் முடிந்து நண்பர் வீட்டுக்கு மாறும் நேரம் அது. கெடு தாண்டிவிட்டதா? உடனே வளாகத்துப் புத்தகக் கடையில் கேளுங்கள். பல இடங்களில் தாமதக் கட்டணத்தோடு எடுத்துக்கொள்வார்கள், சில இடங்களில் கையிருப்பிலிருந்தே தருவார்கள்.

படி 7: பை வந்த அன்றே பிரியுங்கள்

கவுன், தொப்பி, குஞ்சம், ஹூட் நான்கும் இருக்கின்றனவா, வெல்வெட் நிறம் சரியா, ஜிப் கடைசிவரை ஏறுகிறதா என்று பாருங்கள். அணிந்து நான்கு அடி நடந்து பாருங்கள். பிறகு ஹாங்கரில் மாட்டிவிடுங்கள். மடிப்புக் கோடுகள் போக இஸ்திரிப்பெட்டியை நேராக வைக்காதீர்கள். பாலியஸ்டர் துணி, பளபளவென்று இளகிவிடும். குளியலறையில் மாட்டி, வெந்நீர் ஷவரைத் திறந்து கதவைச் சாத்தினால் ஆவியிலேயே பெரும்பாலான சுருக்கம் போய்விடும்.

படி 8: விழா அன்று அணியும் முறை

முதலில் கவுன். அதன்மேல் ஹூட். இதைத் தனியாகப் போட்டுக்கொள்வது கஷ்டம், யாரையாவது கூப்பிடுங்கள். வெல்வெட் வெளிப்பக்கம் இருக்கும்படி தலைவழியாக மாட்டினால், குறுகலான பகுதி நெஞ்சுக்கு வரும். அங்கே சிறிய நூல்வளையம் ஒன்று இருக்கும். சட்டை போட்டவர்கள் அதைச் சட்டைப் பித்தானில் மாட்டுங்கள். புடவை கட்டியவர்களுக்குப் பித்தான் கிடையாது, கவுனோடு சேர்த்து ஊக்குக் குத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் முதுகுப்பக்கத்துக் கனம் இழுத்து ஹூட் தொண்டையை நெரிக்கும். கூட வந்தவரிடம் முதுகுப்பக்கம் வெல்வெட்டை வெளியே திருப்பிவிடச் சொல்லுங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் பல்கலைக்கழக நிறங்கள் தெரியும். அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் சிறு பித்தானும் கயிறும் இருக்கும்.

தொப்பியின் எலாஸ்டிக் பின்பக்கம். பலகை தரைக்கு இணையாக நிற்க வேண்டும், பின்னால் சாயக் கூடாது. உச்சியில் கொண்டை போட்டால் தொப்பி உட்காராது. பின்னல்தான் வசதி. மல்லிகைச் சரத்தைக் காதுமட்டத்துக்குக் கீழே பின்னலில் வைத்தால் தொப்பியும் நசுக்காது, ஹூடின் மேல் அழகாகவும் தெரியும். இரண்டு பக்கமும் ஹேர்பின் குத்திக்கொள்ளுங்கள்.

குஞ்சம் எந்தப் பக்கம்? பொதுவான விதி கிடையாது. பட்டம் தரும்போது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மாஸ்டர்ஸுக்கு உங்கள் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

படி 9: முடிந்த பிறகு

வாடகை என்றால் திருப்பித் தரும் இடத்தையும் நேரத்தையும் காலையிலேயே விசாரித்துவிடுங்கள். சில இடங்களில் அன்றைக்கே வாங்கிக்கொள்வார்கள். அவசரப்பட்டு மண்டப வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். என் அறைத்தோழி தன் கவுனையும் தொப்பியையும் அப்பாவுக்கு மாட்டிவிட்டு நூலகப் படிக்கட்டில் நிற்க வைத்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். கவுன் அவருக்கு முழங்கால் வரைதான் வந்தது. குஞ்சம் மூக்கில் வந்து விழ, அதை விலக்கத் தெரியாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். அந்தப் படம் இன்றும் சேலத்தில் அவர்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. அந்தப் படத்துக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பிறகு போய்த் திருப்பிக் கொடுங்கள்.