பிபிஏ சராசரி விருதின் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

பந்தை உருட்டிப் பத்து பின்களைச் (கட்டைகளை) சாய்க்கும் பௌலிங் ஆட்டத்துக்கான அமெரிக்கத் தொழில்முறை பௌலர்கள் சங்கமான பிபிஏ 1958-ல் தொடங்கியது. சீசன் முடிவில் அது தரும் விருதுகளில் ஜார்ஜ் யங் ஹை ஆவரேஜ் விருதுக்கு மட்டும் தனிக் கறார் உண்டு. ஆண்டின் சிறந்த வீரர் விருது என்றால் பட்டங்களைப் பார்ப்பார்கள், வாக்குக்கும் அங்கே இடம் இருந்திருக்கிறது. இதற்கோ வெறும் வகுத்தல்தான். கிரிக்கெட்டில் பௌலரின் சராசரி குறையக் குறைய நல்லது. இங்கே கூடக் கூட நல்லது.

முதலில் ஒரு ஆட்டத்தின் ஸ்கோர். மொத்தம் பத்து ஃபிரேம், அதாவது அதிகபட்சம் இரண்டு பந்து போடும் பத்து முறை. முதல் பந்திலேயே பத்து பின்னும் சாய்ந்தால் ஸ்ட்ரைக்: பத்தோடு அடுத்த இரண்டு பந்துகளில் விழுந்ததையும் கூட்டுங்கள். இரண்டு பந்தில் சாய்த்தால் ஸ்பேர்: பத்தோடு அடுத்த ஒரு பந்து மட்டும். உதாரணமாக முதல் ஃபிரேமில் ஸ்ட்ரைக், இரண்டாவதில் 7, 3 என ஸ்பேர், மூன்றாவதில் 9, 0 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃபிரேமுக்கு 20, இரண்டாவதுக்கு 19, மூன்றாவதுக்கு 9, ஆக 48. ஸ்ட்ரைக் அடித்த கையோடு 10 என்று எழுதிவிட்டு நகர்ந்தால் எல்லாம் குளறுபடியாகும். அடுத்த இரண்டு பந்து போடும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பத்தாவது ஃபிரேமில் ஸ்ட்ரைக்கோ ஸ்பேரோ விழுந்தால் மூன்று பந்து கிடைக்கும். பன்னிரண்டு ஸ்ட்ரைக் தொடர்ந்து விழுந்தால் 300.

இனி சராசரி. சீசனில் சாய்த்த மொத்தப் பின்களை ஆடிய மொத்த ஆட்டங்களால் வகுக்க வேண்டும். ஒரு போட்டியில் 20 ஆட்டத்தில் 4,600 (சராசரி 230), இன்னொன்றில் 8 ஆட்டத்தில் 1,720 (சராசரி 215) என்றால் விடை 6,320 ÷ 28 = 225.71. பலரும் 230-யும் 215-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 222.5 என்பார்கள். 8 ஆட்டத்துக்கும் 20 ஆட்டத்துக்கும் ஒரே எடை கொடுத்தால் இப்படித்தான் மூன்று பின்னுக்கு மேல் காணாமல் போகும்.

அதைவிடப் பெரிய கண்ணி போனஸ் பின். நேருக்கு நேர் மோதும் சுற்றுகளில் வென்றவருக்கு ஆட்டத்துக்கு 30 பின் போனஸ், சமன் என்றால் ஆளுக்கு 15. தரவரிசைப் பட்டியலில் இது மொத்தத்தோடு கலந்தே நிற்கும். 24 ஆட்டத்தில் 14 வெற்றி, மொத்தம் 5,700 என்று பட்டியல் காட்டினால், 420-ஐக் கழியுங்கள். சாய்த்தது 5,280, சராசரி 220. கழிக்க மறந்தால் 237.5 வரும். சுற்றுப்பயணப் போட்டியில் சீசன் முழுக்க அப்படி ஒரு சராசரி கண்ணில் பட்டால் சந்தேகப்படலாம்.

சில பட்டியல்கள் மொத்தத்தைத் தராமல் ஆட்டத்துக்கு 200 என்ற கணக்கைவிட மொத்தத்தில் எவ்வளவு கூடுதல் என்று மட்டும் காட்டும். 8 ஆட்டத்தில் +240 என்றால் 1,600 + 240 = 1,840; சராசரி 230.

ஸ்ட்ரைக்குக்கு உடனே 30 தரும் முறையில் நடந்த சர்வதேசப் போட்டிகளின் ஸ்கோரை இதில் கலக்காதீர்கள். ஐந்து பேர் ஃபிரேம்களைப் பங்கிட்டு ஆடும் பேக்கர் முறை ஸ்கோரும் வேண்டாம், அது அணியின் ஸ்கோர். குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கையை எட்டாதவர் பெயரையும் அடித்துவிடுங்கள். பந்து உருளும் பாதையான லேனில் பூசும் எண்ணெய் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், சாதகமான ஒன்றிரண்டு வாரம் மட்டும் ஆடிவிட்டு யாரும் விருதைத் தட்டிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் அந்த வரம்பு. கடைசியாக, லீக் பௌலிங்கில் பழகிய கையோடு தசமத்தை வெட்டிவிட வேண்டாம். இரண்டு இலக்கம் வரை எழுதுங்கள், 225.71-க்கும் 225.37-க்கும் நடுவேதான் விருது நிற்கும்.