30 அடி தள்ளி ஒரு கூடை

மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழாவில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வருடாவருடம் புளியோதரை கொடுப்போம். அன்று மாட வீதிகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அன்னதானம், நீர்மோர்தான். இரவு பார்த்தால் தெரு முழுக்க மிதிபட்ட பேப்பர் தட்டுகள். ஒரு வருடம் மறுநாள் விடிகாலையில், தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் தார் ரோட்டில் அப்பிக் கிடந்த தட்டுகளை நகத்தால் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசே கேட்கவில்லை.

குப்பைத் தொட்டி வைத்திருந்தோம். ஆனால் எங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே. சோறு வாங்கியவர் அங்கே எங்கே நிற்க முடியும்? கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். சாப்பிட்டு முடிக்கும்போது 30 அடி தாண்டியிருப்பார். அடுத்த வருடம் அந்த இடத்திலிருந்து வரிசையாக, இடுப்பு உயரத்தில், வாய் அகன்ற மூங்கில் கூடைகளைக் கட்டினோம். நிரம்பியதும் மாற்ற இரண்டு பையன்கள்.

அப்புறம் தட்டு. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. மந்தாரை இலைத் தொன்னைக்கு மாறினோம். மிச்சச் சோற்றோடு சேர்த்தே மக்கும் குப்பையில் போட்டுவிடலாம், பிரிக்கிற வேலையே இல்லை.

இரவு பதினோரு மணிக்கு நாங்களே துடைப்பம் எடுத்தோம். அரை மணி நேரத்தில் எங்கள் பக்கம் முடிந்தது.