புண்ணிய காலத்தில் வடைத் தட்டோடு போகாதீர்கள்

ஒரு சித்திரைப் புத்தாண்டு அன்று அந்தி நேரம், ஒரு தட்டு நிறைய உளுந்து வடையும் சின்ன வாளியில் பாயசமும் எடுத்துக்கொண்டு இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே ரோட்டோரமாக இருக்கும் சிங்கள வீட்டுக்குப் போனேன். அடுப்பு எரியவில்லை. வீட்டுக்காரர்கள் எல்லாரும் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், சும்மா உட்கார்ந்திருந்தார்கள், யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதாகத் தெரியவில்லை. அக்கா சிரித்த முகமாகத் தட்டை வாங்கி, ஒரு துணியைப் போட்டு மூடி அலமாரி மேல் வைத்துவிட்டார். சூட்டோடு சாப்பிடச் சொல்லி நான் வேறு இரண்டு தடவை வற்புறுத்தினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், அவர்களும் புண்ணிய காலம் என்கிறார்கள், நாமும் அதே பெயரைத்தான் சொல்கிறோம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நமக்கு வருஷம் பிறக்கும் நேரத்துக்கு முன்னே 4 மணி, பின்னே 4 மணி என்று மொத்தம் 8 மணித்தியாலம். அந்த நேரத்தில்தான் மூலிகை போட்டுக் காய்ச்சிய மருத்து நீர் தலையில் வைத்து முழுக வேண்டும். சிங்கள வீடுகளில் அது மொத்தம் 12 மணித்தியாலம் 48 நிமிடம். நொனகதய என்பார்கள். குளியலெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். அடுப்பு மூட்டக்கூடாது, வேலை செய்யக்கூடாது, சாப்பாடும் இல்லை, விகாரைக்குப் போகலாம், பெரியவர்களோடு உட்காரலாம், அவ்வளவுதான். அது முடிந்த பிறகும் அடுப்பு மூட்ட ஒரு நேரம், முதல் வாய் சாப்பிட ஒரு நேரம், எந்தத் திசை பார்க்க வேண்டும், எந்த நிறம் உடுத்த வேண்டும் என்று நாட்டுக்கே ஒரே பட்டியல் வரும். நமக்கு அந்த வசதி இல்லை, வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்னொரு நேரம் சொல்லும். ஆகவே பலகாரம் கொண்டு போகிறவர்கள் நம் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கிளம்பாமல், அந்த வீட்டில் அடுப்பு எப்போது மூட்டுகிறார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் அவர்கள் நமக்கு அனுப்பும் தட்டு. கவும், கொக்கிஸ் என்ற எண்ணெய்ப் பலகாரங்கள், இரண்டு கதலிப்பழம், கிரிபத் எனும் பாற்சோற்றுத் துண்டு என்று வரும் தட்டைக் கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது இன்னொரு தவறு. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுங்கள், எங்கள் அம்மாச்சி அப்படித்தான் செய்வார்.

போயா எனும் பௌர்ணமி நாளை வெறும் லீவு நாளாக நினைப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள். மாதா மாதம் பௌர்ணமிக்குச் சாராயக்கடைக்கும் கறிக்கடைக்கும் பூட்டு. காதுகுத்தையோ பிறந்தநாளையோ அன்றைக்கு வைத்துவிட்டு, விடிய எழும்பி டவுனில் கோழிக்கு அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். விகாரைக்குக் கூப்பிட்டால் வெள்ளை உடுப்போடு போங்கள். நம் வீட்டுப் பெரிய பெண்களுக்கு விசேஷத்துக்கு வெள்ளை என்றால் மனசு ஒப்பாது, அது நியாயம்தான், வெளிர் நிறம் ஏதாவது போதும், சிவப்புப் பட்டு வேண்டாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கக் கூடாது என்பதை இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெசாக் பண்டிகைக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் பந்தலில் காசு நீட்டாதீர்கள், வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுங்கள், அதுதான் அவர்களுக்குச் சந்தோஷம்.

கண்டி பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் புனிதப் பல்லுக்கான பேழை சுமந்த யானை கடந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அதற்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் பெரஹராக்கள் வரும், கடைசியாகப் பத்தினி. அது நம்ம கண்ணகி!

முஸ்லிம் வீடுகள் விஷயத்தில் பலர் நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது ஒரு மாத நோன்பு முடியும்போது வருவது, இரண்டாவது குர்பான் எனும் பலி கொடுப்பது. பிறை பார்த்துத்தான் நாள் என்பதால் கலண்டரை நம்பி ஒரு நாள் முன்னமே வாழ்த்துச் சொல்லாதீர்கள். தீபாவளிக்கு நம் வீட்டு ஆட்டுக்கறியை அன்போடு கொண்டு போனாலும் அது ஹலால் இல்லையென்றால் அவர்கள்தான் சங்கடப்படுவார்கள், பழமோ முறுக்கோ கொடுங்கள். கிறிஸ்தவ வீடுகளில் பெரிய வெள்ளிக்கு வாழ்த்துச் சொல்லவே கூடாது, அது துக்க நாள்.

சரி, இதுவரை நம் தவறுகள். வெளியிலிருந்து தோட்டத்துக்கு வருகிறவர்கள் செய்வதையும் சொல்லத்தான் வேண்டும். "தீபாவளிக்கு உங்களுக்கு போனஸ் கிடைக்குமே" என்பார்கள். அது போனஸ் இல்லை ஐயா, முற்பணம். மாதா மாதம் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள், அடுத்த தீபாவளி நெருங்கும்போதும் சிலருக்குக் கழிந்து முடிந்திருக்காது. இன்னும் சிலர் மாரியம்மன் திருவிழா எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். திருவிழாச் சந்தா சேர்வதும் தேயிலைக் கொழுந்து வரத்து அடங்குவதும் பார்த்து ஒவ்வொரு தோட்டமும் தன் நாளைக் குறிக்கும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது, மன்மதன் எரிந்த கதையை விரதம் இருந்து ஆடும் காமன் கூத்தில்தான். கூத்து என்ற பெயரைக் கேட்டதும் நாடகம் என்று முடிவு கட்டி, செருப்போடு கூத்து நடக்கும் காமன் பொட்டலுக்குள் ஏறி, வேஷக்காரர் முகத்துக்கு நேராக போனை நீட்டுகிறார்கள். மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றியதிலிருந்து ரதியும் மன்மதனும் ஆகிறவர்கள் விரதம் இருக்கிறார்கள். பகலில் மலையில் வேலை, ராத்திரி தப்பு மேளச் சத்தத்தில் ஆட்டம். மன்மதன் எரிந்த பிறகு ரதி ஒப்பாரி வைக்கும்போது, வருஷா வருஷம் பார்க்கிற எங்கள் பக்கத்து லயத்து அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். போன வருஷம் அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பையன் அதை வீடியோ எடுத்துக்கொண்டே "செம சீன்" என்றான். அவனை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சிவனொளிபாத மலைக்கு வரலாம், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சீசன். ஏறும்போது அது சிவன் பாதமா, புத்தர் பாதமா, ஆதம் நபி பாதமா என்று அடிவாரத்து நல்லதண்ணியிலேயே வாக்குவாதத்தை ஆரம்பிப்பவர்களோடு சேராதீர்கள், மூச்சுதான் வீண். எதிரே இறங்குகிறவர்கள் 'கருணாவய்' என்று வாழ்த்தினால் திருப்பிச் சொல்லுங்கள். உச்சியில் இருக்கும் மணியை எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவைதான் அடிக்க வேண்டும். என் கூட்டாளி ஒருத்தன் முதல் தடவை வந்தவன், படத்துக்காக ஐந்து தடவை அடித்துவிட்டான். பக்கத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்து, "அஞ்சு வருஷமா வாறியா மகன்?" என்று கேட்டார். அவன் "ஓம் பாட்டி" என்றான்.