ஸ்பெக்ட்ரம் வரைபடத்தை நம்பும் முன்: சுருதி, அதிர்வெண் ஆய்வில் நேரும் தவறுகள்

தாழ்ந்த குரலில் ஒருவர் ‘ஆ’ என்று நீட்டிப் பாடிய பதிவு அது. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தைத் திறந்தேன். எல்லாவற்றையும் விட உயர்ந்து நின்ற முகடு 660 ஹெர்ட்ஸில் இருந்தது. பக்கத்திலேயே ஈ5 என்று சுரப் பெயரும் வந்தது. சரி, இதுதான் சுருதி என்று எடுத்துக்கொண்டு பின்னணிச் சுருதியை ஈ-யில் வைத்தேன். பாட்டு அதோடு சேரவே இல்லை. அவர் பாடியது 110 ஹெர்ட்ஸ், அதாவது ஏ2.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. 110 ஹெர்ட்ஸில் பாடும் குரலில் 220, 330, 440, 550, 660 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கும். இவற்றைத்தான் ஹார்மோனிக் என்கிறோம். ‘ஆ’ என்று வாயைத் திறக்கும்போது தொண்டையும் வாயும் சேர்ந்து ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தூக்கிக் கொடுக்கின்றன. அதனால் ஆறாவது மடங்கு அடிப்படை ஒலியை விட உரக்கக் கேட்கிறது. உயர்ந்த முகடுதான் சுருதி என்று நினைப்பதே இந்தத் துறையில் முதல் தவறு. நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்வதும் இதுதான். அடுத்தடுத்த முகடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 440, 550, 660 என்று சீராக 110 இடைவெளி இருந்தால் சுருதி 110. அந்த 110-இல் முகடே இல்லாவிட்டாலும் சுருதி அதுதான். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தின. அதில் பேசிய ஆணின் தாழ்ந்த குரல் நமக்குத் தாழ்ந்ததாகவே கேட்டது. விட்டுப்போன அடிப்படையை மூளை மடங்குகளிலிருந்து மீட்டுக்கொள்கிறது.

அடுத்தது விண்டோ அளவு, அதாவது ஒலியின் எத்தனை சாம்பிள்களை (அளவீடுகளை) ஒரு துண்டாக எடுத்து ஆராய்வது என்ற எண். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வேறு பல குழப்பங்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

எஃப்எஃப்டி என்ற கணக்கு ஒலியைத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் சம அகலமுள்ள அதிர்வெண் பெட்டிகளில் பிரித்துப் போடுகிறது. பெட்டியின் அகலம் என்பது சாம்பிள் ரேட்டை (விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பதை) விண்டோ அளவால் வகுத்த எண். 44100-ஐ 1024-ஆல் வகுத்தால் சுமார் 43 ஹெர்ட்ஸ். உச்சத்தில் இது போதும். கீழே போதவே போதாது. இந்த அமைப்பில் 65-இலிருந்து 107 ஹெர்ட்ஸ் வரை ஒரே பெட்டி. சி2 முதல் ஜி ஷார்ப் வரை ஒன்பது சுரங்கள் அதற்குள் அடங்கிவிடும். கிட்டாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த அரைச் சுரம் 87.3. இரண்டையும் 1024 விண்டோ வைத்துப் பிரித்தறிய முடியாது. மின்சார இரைச்சலை நீக்கும்போதும் இதே கதைதான். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 43 என்று தெரியும். அந்த 43-இல் குறுகிய வடிகட்டியைப் போட்டால் இரைச்சல் அப்படியே இருக்கும்.

அப்படியானால் விண்டோவைப் பெரிதாக்கிவிட்டால் போயிற்று என்று தோன்றும். 16384 வைத்தால் பெட்டி 2.7 ஹெர்ட்ஸாகச் சுருங்குகிறது. ஆனால் ஒவ்வொரு துண்டும் 0.37 விநாடி நீளமாகிவிடுகிறது. விநாடிக்கு எட்டுச் சுரம் பாடுபவரின் மூன்று சுரங்கள் அந்த ஒரே துண்டில் கலந்துவிடும். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று படம் சொல்லாது. அதிர்வெண்ணைத் துல்லியமாக்கினால் நேரம் மங்கும். நேரத்தைத் துல்லியமாக்கினால் அதிர்வெண் மங்கும். எந்த மென்பொருளை வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆகவே, நீட்டிப் பிடித்த சுரத்துக்கும் மாறாத இரைச்சலுக்கும் பெரிய விண்டோ, தாளத் தட்டுக்கும் மெய்யெழுத்து ஒலிகளுக்கும் சிறிய விண்டோ என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு கிளைத் தவறும் உண்டு. 96000 சாம்பிள் ரேட்டில் பதிந்தால் அதிர்வெண் இன்னும் நுணுக்கமாகத் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். விண்டோ 4096 என்றே இருந்தால், 44100-இல் 10.8 ஹெர்ட்ஸாக இருந்த பெட்டி 96000-இல் 23.4 ஆகிறது. படம் மேலும் சொரசொரப்பாகிறது. விண்டோவையும் சேர்த்துக் கூட்டினால்தான் பழைய நிலைக்காவது வரும்.

விண்டோவின் வடிவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். செவ்வக வடிவத்தில் விட்டால் துண்டு சட்டென்று வெட்டுப்படும் இடத்தில் இல்லாத அதிர்வெண்கள் கசியும். பொதுவான வேலைக்கு, துண்டின் ஓரங்களை மெல்ல மங்கவைக்கும் ஹான் வடிவம் போதும்.

சுருதியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதிகள் பெரும்பாலும் வேறு வழியில் போகின்றன. அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் சொல்கிறது என்று தேடுகின்றன. 110 ஹெர்ட்ஸ் அலை 9.1 மில்லி விநாடிக்கு ஒருமுறை திரும்பும். 18.2 மில்லி விநாடியிலும் அது பொருந்தத்தான் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டால் விடை 55 ஆகிவிடும். சுருதிக் கோடு திடீரென்று ஒரு ஆக்டேவ் கீழே (பாதி அதிர்வெண்ணுக்கு) குதிப்பதும் மேலே (இரு மடங்குக்கு) தாவுவதும் இதுபோன்ற தவறான பொருத்தங்களால்தான். பாடியவர் மேல் பழி போட வேண்டாம். தேடல் எல்லையைக் குரலுக்கேற்ப இறுக்குங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் மென்பொருளை வைத்துப் பேச்சை ஆராய்பவர்கள், ஆண் குரலுக்கு 75 முதல் 300 வரையும் பெண் குரலுக்கு 100 முதல் 500 வரையும் வைப்பது வழக்கம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கீழ் எல்லையை 30-க்கு இறக்கிவிட்டால் இன்னொரு இழப்பும் வரும். அதன் வழக்கமான முறை கீழ் எல்லையின் மூன்று சுற்றுகளை ஒரு துண்டாக எடுக்கிறது. 75-க்கு 40 மில்லி விநாடி, 30-க்கு 100. குரலின் வேகமான அசைவுகள் அதில் மழுங்கிவிடும். அப்புறம், இந்த முறைகள் ஒற்றைக் குரலுக்கானவை. மூன்று பேர் சேர்ந்து பாடியதைக் கொடுத்தால் யாரும் பாடாத ஒரு சுரத்தை விடையாகத் தரக்கூடும்.

சுருதித் திருத்தம் செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். சுரப் பெயரோடு வரும் சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கு, ஏ4 என்பது 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு போடப்படுவது. வாத்தியங்கள் 445-இல் சேர்க்கப்பட்டிருந்தால் சரியாகப் பாடிய சுரம் ஒவ்வொன்றும் 20 சென்ட் ஏறியதாகக் காட்டும். அதை இறக்கினால் பாடகர் வாத்தியத்தோடு மோதுவார். ஆதார சுருதியோடு இழைந்து பாடுபவரின் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட்டில் இயல்பாக வந்து அமரும். மென்பொருளின் கட்டம் 400-இல் நிற்கிறது. அந்த 14 சென்ட் பிழையல்ல, அவருடைய செவியின் நேர்த்தி. தயவுசெய்து அதைக் கட்டத்துக்குள் இழுக்காதீர்கள்.

அதிர்வெண் அச்சு நேர்கோட்டு அளவில் இருந்தால் பியானோவின் உச்சச் சுரமான 4186 ஹெர்ட்ஸே 22050 வரையுள்ள படத்தின் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். சுருதி பார்க்கும்போது ஒவ்வொரு ஆக்டேவுக்கும் சம இடம் தரும் மடக்கை அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரைபடம் வலப்பக்கம் சரிகிறது என்று ஈக்வலைசரால் அதைச் சமன்படுத்தவும் வேண்டாம். இசையின் ஆற்றல் இயல்பாகவே மேலே போகப் போகக் குறையும். நம் காது 2000 முதல் 5000 வரையுள்ள பகுதியில்தான் மிகக் கூர்மை. சமன்படுத்திய பாட்டு காதைக் குத்தும்.

நேரம் செல்லச் செல்ல அதிர்வெண்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படம் 16000 ஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால், கோப்பு ஒரு காலத்தில் 128 கேபிபிஎஸ் எம்பி3-ஆக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. வேவ் கோப்பாக மாற்றினாலும் போனது திரும்பாது. ஆனால் வெட்டு தெரியாததை வைத்து அசல் பதிவு என்று சான்று தராதீர்கள். உயர் பிட்ரேட் எம்பி3 20000 ஹெர்ட்ஸை ஒட்டியும் போகும்.

அளக்க உட்காரும் முன் நான் இப்போது தவறாமல் செய்வது ஒன்று உண்டு. மென்பொருளிலேயே 110 ஹெர்ட்ஸ் ஒலியை உருவாக்கி, ஆய்வுக்கு வைத்திருக்கும் அதே அமைப்பில் அதைப் பார்க்கிறேன். பெட்டியின் எண்ணை அப்படியே காட்டும் மென்பொருள் என்றால் 1024-இல் 129 என்றும், 4096-இல் 107.7 என்றும், 16384-இல் 110.4 என்றும் வரும். சில மென்பொருள்கள் நடுவிலுள்ளதைக் கணித்து 110-ஐ நெருங்கிக் காட்டும். என் கையிலிருப்பது எந்த ரகம், எவ்வளவு தள்ளிச் சொல்கிறது என்று அறிந்த பிறகுதான் பாடியவரின் பதிவைத் திறக்கிறேன்.