அக்கா பூங்கா, தங்கை பூங்கா: கூட்டத்தைக் கணக்குப் போடும்போது செய்யும் தவறுகள்

2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில், திருப்போரூர் பகுதியில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறந்த நாளிலிருந்து, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஒரே பேச்சு. "இனி தமிழ்நாட்டுக் கூட்டமெல்லாம் அங்கே போயிரும். கொச்சி வொண்டர்லா காத்தாடும். லீவு நாளிலேயே குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகலாம்." பள்ளியில் டூர் பொறுப்பு பல வருடமாக என்னிடம் இருப்பதால் என்னிடமும் வந்து கேட்டார்கள். போகலாமா டீச்சர் என்று.

லீவு நாளில் போகாதீர்கள் என்றுதான் சொன்னேன். காரணத்தை வாசலில் நின்றபடி இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளின் ஒரு நாள் முழுக்க வரிசையில் கரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அது இன்னொரு வகுப்புக்கு நடக்க வேண்டாம்.

முதல் தவறு இதுதான்: ஒரே நிறுவனத்தின் இரண்டு பூங்காக்கள் என்றால் ஒன்றின் கூட்டம் இன்னொன்றுக்குப் பிரிந்துவிடும் என்று நினைப்பது. கொச்சிப் பூங்கா 2000-இல் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கியது. அப்புறம் பெங்களூரு 2005, ஹைதராபாத் 2016, புவனேஸ்வர் 2024, கடைசியாகச் சென்னை. பெயரும் முதலாளியும் ஒன்று. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி, காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் ஊர்களை நம்பி நிற்கிறது. கொச்சிக்கு எர்ணாகுளம், திருச்சூர், கோட்டயம், பாலக்காடு, கூடவே கோவை, பொள்ளாச்சி. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் கொச்சியை விட்டுவிட்டு 500 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குப் போய் ரைடு ஏறுவாரா? புதுப் பூங்கா பக்கத்துப் பங்கைக் கொஞ்சம் எடுக்கும் என்றால் வேலூர், கிருஷ்ணகிரி பக்கம் நடக்கலாம். அங்கிருந்து பெங்களூருக்கும் போகலாம், சென்னைக்கும் போகலாம். மாநில எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

கூட்டம் உண்மையிலேயே இடம் மாறுகிற ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்கள் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன, அதே ஊரில் 2025 மே 22-இல் யூனிவர்சல் நிறுவனம் எபிக் யூனிவர்ஸ் என்ற புதிய பூங்காவைத் திறந்தது. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் விமானம் ஏறி வந்து பல நாள் தங்குகிறவர்கள். புதிதாக ஒன்று வந்தால் தங்கும் நாட்களில் ஒன்றை அதற்கு ஒதுக்குவார்கள், பழையதில் ஒரு நாள் குறையும். ஆனால் டிஸ்னியின் மூத்த பூங்காவான கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்ட் அப்படி இல்லை. ஆண்டுச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் இரண்டு மணி நேரம் வந்துபோகிற உள்ளூர்க்காரர்கள் அங்கே மிக அதிகம். ஒரே குடும்பத்து அக்கா தங்கைக்குள்ளேயே கூட்டத்தின் குணம் இவ்வளவு வேறுபடும்.

அடுத்த தவறு, ஆண்டு வருகை எண்ணை வைத்து நெரிசலைச் சொல்வது. 2019-இல் ஃபுளோரிடாவின் அந்த நான்கு டிஸ்னி பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமுக்குச் சுமார் 2 கோடியே 9 லட்சம் பேர், கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டுக்குச் சுமார் 1 கோடியே 86 லட்சம் பேர் வந்ததாகச் சொல்வார்கள். டிஸ்னி தன் பூங்காக்களுக்கு இப்படித் தனித்தனியாக எண் வெளியிடுவதில்லை. கேளிக்கைப் பூங்காத் துறையின் சங்கமான டி.இ.ஏ. போட்ட மதிப்பீடு இது. சரி, மதிப்பீட்டை அப்படியே ஏற்றுக்கொள்வோம். 365-ஆல் வகுத்தால் மேஜிக் கிங்டமில் நாளுக்கு 57 ஆயிரம், டிஸ்னிலாண்டில் 51 ஆயிரம். அந்தச் சராசரி நாளில் போகிறவர் ரொம்பக் கொஞ்சம். ஊரே ஓய்ந்திருக்கும் நாளும், கிறிஸ்துமஸ் வாரமும் சேர்ந்துதானே அந்தச் சராசரி வருகிறது?

எண் குறைந்தால் பூங்கா நொடிக்கிறது என்று எடுத்துக்கொள்வதும் இதோடு சேர்ந்த தவறுதான். டோக்கியோவில் இருக்கும் இரண்டு டிஸ்னி பூங்காக்களையும் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் உரிமம் பெற்று நடத்துகிறது. அது தன் வருகை எண்ணைத் தானே வெளியிடும். 2018 நிதியாண்டில் இரண்டுக்கும் சேர்த்து 3 கோடியே 25 லட்சம். 2023 நிதியாண்டில் சுமார் 2 கோடியே 75 லட்சம். வாசிக்கிறவருக்குச் சரிவு போலத்தான் தெரியும். ஆனால் பெருந்தொற்றுக்குப் பிறகு ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ளே விடுவது என்ற உச்சவரம்பை அந்த நிறுவனமே தெரிந்து இறக்கி வைத்தது. ஆள் குறைந்தால் வந்தவர் நிம்மதியாகச் சுற்றுவார், கொஞ்சம் கூடுதலாகச் செலவும் செய்வார் என்பது அதன் கணக்கு. இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பக்கமும் இப்படி ஒரு நாள் வரம்பை வாசலில் எழுதி ஒட்டினால் எத்தனையோ குடும்பங்கள் பாதி வழியிலேயே முடிவை மாற்றிக்கொள்ளும்.

இப்போது நமக்கு மிக நெருக்கமான தவறுக்கு வருகிறேன். எல்லையில் இருக்கும் நாம் ஒரே ஒரு காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறிக்கிறோம்.

இந்தப் பகுதியில் ஒரே வீட்டில் அக்கா கேரளப் பாடத்திட்டத் தமிழ்ப் பள்ளியிலும் தம்பி பொள்ளாச்சியிலும் படிப்பது சாதாரணம். இரண்டு மாநிலத்துக்கும் லீவு வேறு வேறு. கேரளப் பள்ளிகளுக்கு ஓணத்துக்குப் பத்து நாள், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள், ஏப்ரலும் மேயும் கோடை விடுமுறை. தமிழ்நாட்டில் காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில் தொடங்கும், அரையாண்டு டிசம்பர் கடைசியில், கோடை லீவு பெரும்பாலும் ஏப்ரல் பிற்பாதியில். ஓணத்தின்போது தமிழ்நாட்டில் பள்ளி நடக்கிறதே, கூட்டம் இருக்காது என்று பொள்ளாச்சியில் இருந்து ஒருவர் கிளம்பினால் கேரளம் முழுக்க அவருக்கு முன்னால் வரிசையில் நிற்கும். அதே போலப் பொங்கல். பாலக்காடு உட்பட எல்லை மாவட்டங்களுக்குக் கேரள அரசு பொங்கலன்று உள்ளூர் விடுமுறை விடும், எர்ணாகுளத்துக்கு அது கிடையாது. அதனால் பொங்கல் நாளில் கொச்சி ஓய்ந்திருக்கும் என்று ஒரு கணக்கு. கோவையும் திருப்பூரும் வண்டி பிடித்து வருவது அந்தக் கணக்கில் இருக்காது. பொங்கல் வாரம் வாளையார் சாலையில் நின்று பார்த்தாலே புரியும்.

இரண்டு காலண்டரும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற நாட்கள்தான் மோசம்: டிசம்பர் கடைசி வாரமும் மே மாதமும். இரண்டிலும் தப்பித்த நாட்கள் வேண்டுமென்றால் ஜூன் நடுப்பகுதி. பள்ளி திறந்திருக்கும், மழையும் பிடித்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வார நாட்களில்கூடக் கொஞ்சம் ஆள் இருக்கும், வளைகுடாவில் பள்ளிகளுக்கு அப்போதுதான் லீவு, மலையாளக் குடும்பங்கள் ஊருக்கு வந்திருப்பார்கள். ஆனாலும் மே மாதத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

"வார நாள்தானே" என்ற நம்பிக்கையால் நானே ஒரு முறை பிள்ளைகளை ஏமாற்றியிருக்கிறேன். டிசம்பர் தொடக்கம், ஒரு வியாழக்கிழமை. இரண்டு பஸ் நிறைய ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். பூங்காவின் பெயர் வேண்டாம். குதிரான் சுரங்கத்தைத் தாண்டியதுமே ஓட்டுநர் அண்ணன், "டீச்சர், முன்னால போற பஸ்ஸெல்லாம் பாருங்க, எல்லாத்துலயும் பள்ளிக்கூட பேனர்" என்றார். அப்போதுதான் உறைத்தது. நவம்பரில் இருந்து ஜனவரி வரை பள்ளி டூர் காலம். பூங்காக்கள் பள்ளிக் குழுக்களுக்குச் சலுகைக் கட்டணம் தருகின்றன, பள்ளிகள் வார நாளில்தான் வருகின்றன. எல்லோரும் பத்தரைக்கு உள்ளே நுழைந்தோம், எல்லோரும் ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம், எல்லோரும் நாலரைக்குப் பஸ்ஸைத் தேடினோம். என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு மொத்தம் மூன்று ரைடு கிடைத்தது. அவள் அம்மா அந்தப் பணத்தைச் சீட்டுப் போட்டுச் சேர்த்துக் கொடுத்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் ரைடு கணக்கு போடப் பழகினேன். பலர் பூங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ரைடு என்று மட்டும் கேட்கிறார்கள். 50 ரைடு, 60 ரைடு என்று பலகையில் இருக்கும். கேட்க வேண்டியது ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறார்கள் என்று. ஒரு ரோலர் கோஸ்டர் வண்டியில் 24 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வண்டி மாறி மாறி ஓடி, ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 960 பேர். பராமரிப்புக்காக ஒரு வண்டியை எடுத்துவிட்டால் 480. உங்களுக்கு முன்னால் 240 பேர் நின்றால் முதல் நிலையில் கால் மணி நேரம், இரண்டாவதில் அரை மணி நேரம். ஆள் ஒன்றும் கூடவில்லை, காத்திருக்கும் நேரம் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. ஓய்வான நாட்களில் பூங்காக்கள் வண்டிகளைக் குறைத்து ஓட்டுவதும் உண்டு, அதனால் காலியான பூங்காவிலும் காத்திருக்க நேரும்.

மொத்தப் பூங்காவுக்கும் இதே கணக்குதான். பெரிய ரைடு பத்து, ஒவ்வொன்றும் மணிக்கு 600 பேர், ஏழு மணி நேரம் ஓடுகிறது என்றால் அன்றைக்கு 42,000 இருக்கை. உள்ளே 6,000 பேர் இருந்தால் ஆளுக்கு 7 கிடைக்கும். 12,000 பேர் வந்தால் மூன்றரை. காசு கூடக் கொடுத்து விரைவு வரிசையில் போகிறவர்களும் இதே இருக்கைகளில்தான் உட்காருகிறார்கள், அந்த அளவுக்குப் பொது வரிசை மெதுவாகும்.

விரிவாக்கம் பற்றிய தவறுகள் இன்னும் நிறைய. அறிவிப்பு வந்ததுமே இடம் கூடிவிட்டது என்று நம்புகிறோம். சென்னை வொண்டர்லாவே உள்ளாட்சிக் கேளிக்கை வரிச் சிக்கலில் சில ஆண்டுகள் நின்றுவிட்டுத்தான் எழுந்தது. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்டைச் சுற்றி ஊர் நெருக்கிவிட்டது. அதன் தங்கை, கலிஃபோர்னியா அட்வென்சர், 2001-இல் எழுந்ததே பழைய வாகன நிறுத்துமிடத்தின் மேல்தான். இனி வளர வேண்டுமென்றால் நகராட்சி ஒப்ப வேண்டும். 2024-இல் டிஸ்னிலாண்ட் இருக்கும் ஆனஹைம் ஊரின் நகர மன்றம் ஒப்புக்கொண்டது, பத்து ஆண்டுக்குள் குறைந்தது 190 கோடி டாலர் போடுவதாக டிஸ்னி உறுதி தந்தது. ஃபுளோரிடாவில் நிலத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அங்கே 2025 ஜூலையில் மேஜிக் கிங்டமின் பழைய செயற்கை ஆற்றையும் டாம் சாயர் தீவையும் மூடிவிட்டுத்தான் கார்ஸ் என்ற கார்ட்டூன் படத்தை வைத்துப் புதிய பகுதியைக் கட்டுகிறார்கள். வேலை முடியும்வரை மக்கள் நின்று ஓய்வெடுத்த ஓர் இடம் குறைகிறது. நாம் போகும் பூங்காவில் தகரத் தடுப்பு கட்டியிருந்தால் அந்த வருடம் நெரிசல் கொஞ்சம் கூடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிது திறந்தால் கூட்டம் அள்ளும் என்பதும் எப்போதும் சரி கிடையாது. 2019 மே 31-இல் டிஸ்னிலாண்டில் ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தபோது ஊரே திரளும் என்று எதிர்பார்த்தார்கள். ஆண்டுச் சீட்டுக்காரர்களுக்குப் பல தேதிகளை அடைத்தார்கள், சுற்றியுள்ள விடுதிகள் வாடகையை ஏற்றின, மற்றவர்கள் நெரிசலுக்குப் பயந்து தள்ளிப்போட்டார்கள். அந்தக் காலாண்டில் டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் வருகை 3 விழுக்காடு குறைந்தது.

தங்கைக்குக் கொடுத்தார்கள், அக்காவை ஒதுக்கினார்கள் என்ற கோபமும் எனக்குப் புரிகிறது, ஆனால் அது பெரும்பாலும் தவறு. புது ரைடுக்கான பணம் ஒரு வருடம் ஒரு பூங்காவுக்கும் அடுத்த வருடம் இன்னொன்றுக்கும் முறை வைத்துப் போகும். சென்னைக்கு வந்த தொங்கு ரோலர் கோஸ்டர் கொச்சிக்கு வரவில்லை என்று என் மாணவர்களுக்கு வருத்தம். புதுப் பூங்காவுக்கு மக்களை இழுக்க ஒரு பெரிய ரைடு தேவை, மூத்தது கால் நூற்றாண்டாகப் பெயர் எடுத்து நிற்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

இந்த வருடம் தலைமையாசிரியர் தேதி கேட்டபோது ஜூன் மூன்றாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலை ஐந்தே காலுக்குப் பள்ளி வாசலில் பஸ் நிற்கும். நுழைந்ததும் வாசலருகே இருக்கும் ரைடை விட்டுவிட்டு உள்கோடி வரை நடந்துபோய் அங்கிருந்து ஆரம்பிப்போம். சாப்பாடு பதினொன்றரைக்கே. மழைக்குப் பயந்து மூன்று பெற்றோர் கையெழுத்துப் போடவில்லை. இடி மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்துவார்கள் என்பது உண்மைதான், தண்ணீர் விளையாட்டில் நனையத்தானே போகிறோம் என்று நாளை அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்லிப் பார்க்கிறேன்.